போல்ட் போட்ட வார்த்தைகள்

அக்காவுக்குப் புதிதாக ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஒருத்தரும் தூங்க முடியாது. அவள் திருக்கழுக்குன்றத்திலேயே ஏறிவிடுவாள். நான் செங்கல்பட்டு ராட்டினங்கிணற்றில் ஏறுவேன். படியில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாரிடமாவது கொட்டினால்தான் ஆச்சு என்று உட்கார்ந்திருப்பாள். அப்புறம் மறைமலைநகர் போய்ச் சேருகிற வரை என் காது எனக்குச் சொந்தமில்லை.

"போர்ட்டர் இன்னா செய்வான், சொல்லு," என்றாள் ஒருநாள். நான் இன்னும் உட்காரக்கூட இல்லை.

"மூட்டை தூக்குவான்."

"அப்போ போர்ட்டுன்னா?"

"கப்பல் வர்ற எடம்க்கா."

"கப்பல வுடு. போர்ட்டுன்னா தூக்குறது. நேத்து பூரா பெட்டி மேல ஒட்டிகிற பேப்பரயே பாத்துகினு இருந்தேன். எக்ஸ்போர்ட், தூக்கி வெளிய அனுப்புறது. இம்போர்ட், தூக்கி உள்ள கொண்டாறது. டிரான்ஸ்போர்ட், இந்தாண்ட இருந்து அந்தாண்ட தூக்கிகினு போறது. எல்லாத்துலயும் அதே போர்ட்டு உக்காந்துகினு கீதுடி."

முன் சீட்டில் வெல்டிங் ஷாப் அண்ணன் ஒருவர், பாதித் தூக்கத்தில் இருந்தவர், திரும்பிப் பார்த்தார். "அப்போ ரிப்போர்ட்டு?"

பஸ் பரனூர் டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. எங்களைச் சுற்றி நாலைந்து சீட்டில் பேச்சு நின்றுபோனது.

"ரீன்னா திரும்ப," என்றாள். "போய்ப் பாத்துட்டு, விஷயத்தத் தூக்கிகினு திரும்பி வர்றது. அதான் ரிப்போர்ட்டு."

அண்ணன் கை தட்டினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. பன்னிரண்டாவதுவரை படித்தவள் நான். இங்கிலீஷில் எழுபத்தெட்டு மார்க். ஒரு வார்த்தைக்குள் ஆள் உட்கார்ந்து மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு ஒரு டீச்சரும் சொன்னதில்லை.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை, என்னைவிட மூன்று வயது மூத்தவள், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தோம். காருக்கு வேண்டிய சின்னச் சின்ன பாகங்கள் வந்து இறங்கும். அதை ராக்கில் அடுக்கி, பாகம் பூட்டுகிற லைனில் கேட்கிறபோது டிராலியில் எடுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இரண்டு பேருமே கான்ட்ராக்ட். ஒரே வித்தியாசம் கழுத்தில் தொங்கிய அட்டை. என் அட்டையில் 'செமி ஸ்கில்ட்' என்று போட்டிருந்தது, பன்னிரண்டாவது பாஸ் என்பதால். அக்கா பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டைவிட்டவள். அவள் அட்டையில் 'அன்ஸ்கில்ட்'. ஆறு வருஷம் அதே ஸ்டோர்ஸில் இருந்து, எந்த ராக்கில் எது இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருகிறவளுக்கு அந்த அட்டை.

"படிக்கத் தெரியாத வரைக்கும் ஒண்ணும் தோணல," என்று ஒருநாள் கேன்டீனில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "கழட்டிப் பாத்தப்புறம் சோறு எறங்கல. ஸ்கில்லுன்னா தெறம. அன்னுன்னா இல்ல. தெறம இல்லாதவன்னு எழுதி எங்கழுத்துலயே மாட்டி வுட்டுகிறானுங்க. நானும் ஆறு வர்சமா அத்த தொடச்சித் தொடச்சிப் போட்டுகினு வர்றேன்."

அந்த 'அன்' போக வேண்டும். அக்காவுக்கு வாழ்க்கையில் அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எங்கள் சூப்பர்வைசரிடம் போய் நேராகவே கேட்டுவிட்டாள். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன், பயந்தாங்கொள்ளி.

"நான் சொன்னா மேல கேக்க மாட்டாங்கம்மா," என்றார். "ஆடிட்டுக்கு வெளியில இருந்து வர்றவங்க யாராச்சும் உங்களைப் பத்தி நல்லதா ஒரே ஒரு வரி எழுதட்டும். அடுத்த நாளே கார்டை மாத்திக் குடுக்கறனுங்க."

அன்றையிலிருந்து அக்காவுக்கு அந்த ஒரு வரிதான் கனவு.

இந்தக் கழட்டுகிற பைத்தியம் அவளுக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பருக்கு மூன்று துண்டு. முன் துண்டு எந்த மாடல் வண்டி என்று சொல்லும். நடுத்துண்டு என்ன பாகம் என்று சொல்லும், கதவுக் கொண்டியா, சீட்டுக் கம்பியா என்று. கடைசியில் வருகிற இரண்டு எழுத்து, அந்தப் பாகத்தை எத்தனையாவது தடவையாகத் திருத்தியிருக்கிறார்கள் என்று சொல்லும். ஸ்டோர்ஸ் சுவரில் பெரிய போர்டில் 'பிரிஃபிக்ஸ், பேஸ், சஃபிக்ஸ்' என்று எழுதி அம்புக்குறி போட்டு வைத்திருந்தார்கள். அக்கா அதை மனப்பாடமாகத்தான் வைத்திருந்தாள். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுடைய இங்கிலீஷ் புத்தகத்துக்கு பிரவுன் அட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பாடத்தின் தலைப்பில் அதே பிரிஃபிக்ஸும் சஃபிக்ஸும் இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஸ்டோர்ஸ் போர்ட எடுத்து பாடத்துல போட்டுகிறாங்கடி. நடுவுல மட்டும் நாம பேஸுன்றோம், அவங்க ரூட்டுன்றாங்க. வார்த்தையும் பார்ட் நம்பர் மாரிதான் கீது. இத்தினி வர்சம் இத்த எவளும் எங்கிட்ட சொல்லலியே."

பள்ளிக்கூடத்தில் அவளை விரட்டி விரட்டி அடித்த இங்கிலீஷ், ஸ்டோர்ஸ் வாசல் வழியாக அவளிடமே வேலைக்கு வந்து நின்றது. அப்புறம் கேட்க வேண்டுமா. கேட் பாஸில் 'நான்-ரிட்டர்னபிள்' என்று இருந்தால் போதும். "நான்னா இல்ல. ரீ, திரும்ப. டர்ன், திரும்புறது. அபிள், முடியும். நாலு பீஸ்டி. திருப்பி அனுப்ப முடியாதது." செக்யூரிட்டி அண்ணன் பாஸுக்காகக் கை நீட்டிக்கொண்டே நிற்பார். இவள் கழட்டி முடித்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

"பயப்படாத, கழட்டு," என்பதுதான் அவளுடைய மந்திரம். கழட்ட வராத வார்த்தைகளும் உண்டு என்று அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம் அடிபட்ட பிறகுதான். 'கார்பெட்' என்றால் காரில் வளர்க்கிற நாய் என்று ஒருமுறை சொல்லப்போய், பஸ் முழுக்கச் சிரித்தது. வேறு ஒருத்தியாக இருந்தால் அத்தோடு வாயை மூடியிருப்பாள். இவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "வார்த்தையில ரெண்டு ஜாதி கீது," என்றாள். "போல்ட் போட்டது ஒண்ணு, வெல்டு அடிச்சது ஒண்ணு. போல்ட் போட்டது ஸ்பேனர் வெச்சா வரும். வெல்டு அடிச்சத நோண்டாத, ஒடஞ்சிடும்." வெல்டிங் ஷாப் அண்ணன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

விஜயதசமி லீவுக்கு ஸ்டோர்ஸ் பெண்கள் ஆறு பேர் மகாபலிபுரம் போனோம். அக்காவுக்கு அது கூப்பிடு தூரம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். நாங்கள் மாங்காய்க்கீற்று வாங்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகலாம் என்று பார்த்தால், ஐந்து ரதம் வாசலில் இருந்த போர்டு முன்னால் ஆள் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டாள்.

"மோனோ. லித். இக்," என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பக்கத்தில் ஒரு கைடு நாலு வெள்ளைக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போய், "அண்ணாத்த, லித்துன்னா இன்னா?" என்று கேட்டாள்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "கல்லும்மா," என்றார்.

"மோனோ?"

"ஒண்ணு. ஒத்தக் கல்லு. இது பூராவும் ஒரே பாறைல செதுக்குனது."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ரதத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தூண் கூரையோடு சேருகிற இடம், சுவர் தரையோடு சேருகிற இடம் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து தடவிப் பார்த்தாள். ஸ்டோர்ஸில் பாகம் வந்து இறங்கும்போது ஒட்டு எங்கே என்று பார்ப்போமே, அதே விரல், அதே பார்வை. காவலாளி விசில் ஊதினார். அவள் கையை எடுக்கவில்லை.

"வெல்டும் இல்ல, போல்ட்டும் இல்லடி," என்று அங்கிருந்தே கத்தினாள். "இத்தினி தபா வந்துகிறேன். ஒரு தபாகூட இத்தப் பாக்கல."

கண்ணில் தண்ணீர் நின்றது. எங்களில் ஒருத்தி, "இதுக்குப் போயி அழுவாங்களா?" என்று கேட்டாள். எனக்கு மட்டும் புரிந்தது. அன்றைக்கு நாங்கள் கடலைப் பார்க்கவே இல்லை.

இனி பிராக்கெட் விவகாரம். ஸ்டோர்ஸில் எல்லோரும் நம்பரின் நடுத்துண்டை மட்டும்தான் சொல்வோம், எழுதுவோம், படிப்போம். அது ஒரு பழக்கம். அவசரத்தில் யார் வாலை வாசித்துக்கொண்டிருப்பது? ஒருநாள், சீட்டைத் தரையோடு பிடித்து நிறுத்துகிற பிராக்கெட் ஒரு லாட் வந்தது. அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு டிராலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். வழக்கமாக வாலில் வருகிற இரண்டு எழுத்தில் கடைசி எழுத்து மாறியிருந்தது.

லைனில் ஆள் காத்திருக்கிறான். சூப்பர்வைசர் ஓடி வந்தார். குவாலிட்டியிலிருந்து ஒரு பையன் வந்து, "கடைசி எழுத்துதானேக்கா, அதே பாகம்தான், அனுப்புங்க," என்றான்.

"கேர்ஃபுல் தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள் அக்கா. "கேர்லெஸ் தெரியுமா? ரெண்டுத்துக்கும் முன்னாடி அதே கேர்தான். வாலுல கீது மேட்டரு. நீ போய் அளந்துட்டு வா. அதுவரைக்கும் வண்டி நவுராது."

லைன் நின்றால் யார் தலை உருளும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து நிமிஷம். பையன் திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. ஓட்டை இரண்டு மில்லி தள்ளியிருந்தது. அதை மாட்டியிருந்தால் ஒரு சீட்டும் உட்கார்ந்திருக்காது. சூப்பர்வைசர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் எழுதிய குறிப்பில், 'ஸ்டோர்ஸில் கண்டுபிடிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. அக்கா அதையும் சந்தோஷமாகத்தான் வாசித்தாள். ஸ்டோர்ஸ் என்றால் அவள்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த மாதம் பெரிய ஆடிட் வந்தது, எங்களிடம் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆள் வந்து வேலையைச் சோதிப்பது.

ஆடிட் என்றால் எங்கள் கம்பெனியில் பெண் பார்க்க வருகிற மாதிரி. தரையில் மஞ்சள் கோட்டைப் புதிதாக அடிப்பார்கள். உடைந்த டிராலியை ஒளித்து வைப்பார்கள். கடைசியாக ஆளை ஒளித்து வைப்பார்கள். 'அன்ஸ்கில்ட்' அட்டைக்காரர்களைப் பொறுக்கி ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிடுவார்கள். ஆடிட்டர் ஏதாவது கேட்டு இவர்கள் திருதிருவென்று விழித்தால் கம்பெனி மானம் போய்விடுமாம். அக்கா அதுவரை வந்த மூன்று ஆடிட்டுக்கும் பெட்டிதான் மடித்திருக்கிறாள்.

இந்தத் தடவை தன்னை ராக்கில் நிறுத்துவார்கள் என்று நம்பிக்கொண்டு வந்தாள். பிராக்கெட் விவகாரத்துக்குப் பிறகு யாருக்குத்தான் அந்த நம்பிக்கை வராது? யூனிஃபார்மைத் துவைத்து இஸ்திரி போட்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். காலையில் சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்க்காமல், "பெரிய கஸ்டமருங்கம்மா. ரிஸ்க் எடுக்க முடியாது," என்றார். அவளுடைய ராக்கில் என்னை நிற்கச் சொன்னார். என் கையில் ஒரு தாள் கொடுத்தார். ஆடிட்டர் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்டால், டிரெயினிங் டிபார்ட்மென்ட்.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு நிமிஷம்தான். பிறகு என் காலரைச் சரிசெய்துவிட்டு, "நீதான நிக்கிற, அதுவும் நல்லதுதான்," என்றாள். "கேட்டாங்கன்னா என்னப் பத்தி ஒரு வார்த்தை போட்டு வை, இன்னா?"

"கண்டிப்பாக்கா," என்றேன்.

புனேயிலிருந்து வந்திருந்தார் அந்த ஆடிட்டர் மேடம். ஐம்பது வயதிருக்கும். ராக்கிலிருந்து ஒரு பாகத்தை எடுத்து, கடைசி எழுத்தை விரலால் காட்டி, "இது மட்டும் மாறி வந்தால் என்ன செய்வாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார். தாளில் அந்தக் கேள்வி இல்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. அரைகுறை இங்கிலீஷில், "நிறுத்திவிடுவேன் மேடம்," என்றேன். "கேர்ஃபுல், கேர்லெஸ். பேஸ் ஒன்று. சஃபிக்ஸ் வேறு. அர்த்தம் தலைகீழ். பார்ட் நம்பரும் அப்படித்தான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "இருபது வருஷத்தில் இதை இப்படி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை," என்றார். எனக்குக் காது மடலெல்லாம் சூடாகி, உடம்பு பறக்கிற மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் பொல்லாதது. பேனாவைத் திறந்துகொண்டு அவர் கேட்டார்: "உனக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?"

ஒரே ஒரு வரி. பேனா திறந்து தயாராக இருந்தது. அக்கா பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், அவள் எங்கே, கூப்பிடு என்பார்கள். ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பார்கள். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கண்ணில் மிரட்டல்கூட இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. என் கான்ட்ராக்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் கையெழுத்தில்தான் ஓடியது.

"டிரெயினிங் டிபார்ட்மென்ட், மேடம்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

எனக்கு இரண்டு மாதத்தில் 'ஸ்கில்ட்' அட்டை வந்தது. டிரெயினிங் டிபார்ட்மென்டுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். அதற்குச் சில மாதம் கழித்து கான்ட்ராக்டர் மாறினார். புதியவர் பழைய அன்ஸ்கில்ட் ஆட்களில் பாதிப் பேரை எடுக்கவில்லை. அக்கா கேளம்பாக்கம் பக்கம் ஏதோ குடோனில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஒருமுறைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. எப்படிப் போவேன்? இப்போது நான் இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். எனக்குக் கீழே வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே கேர்ஃபுல், கேர்லெஸ் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களும் வாயைப் பிளக்கிறார்கள். யார் கண்டுபிடித்தது என்று யாராவது கேட்பார்களோ என்று ஒவ்வொரு தடவையும் பயம்.

ஆடிட் முடிந்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் அக்கா எனக்கு முன்பே ஏறி இடம் பிடித்து வைத்திருந்தாள். கையெல்லாம் அட்டைப்பெட்டித் தூசி. கனகாம்பரம் வாடியிருந்தது. நான் உட்காருவதற்குள், "இன்னா கேட்டாங்க, இன்னா சொன்ன, ஒண்ணு வுடாம சொல்லு," என்று என் தொடையில் தட்டினாள்.

சொன்னேன். வால் எழுத்து, கேர்ஃபுல், கேர்லெஸ், மேடம் கண்ணாடியைக் கழற்றியது, இருபது வருஷத்தில் கேட்டதில்லை என்றது, எல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அப்டியே சொன்னியா? நான் சொன்னத அப்டியேவா?" என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார் சொல்லிக் குட்த்தாங்கன்னு கேட்டாங்களா?" என்றாள்.

"இல்லக்கா. கேக்கல."

"சரி, வுடு. கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. எனக்குத் தெரியாதா."

எழுந்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை கேட்கிற மாதிரி, "எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள். "நம்ம பொண்ணு இன்னிக்கு ஆடிட்ட பொளந்து கட்டிட்டு வந்துகிறா."

பஸ் முழுக்க எனக்குக் கை தட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது அக்காதான்.